தாழியா, சாடியா, பீப்பாயா? ஒரு ரோமானியத் தோட்டக்காரருக்கான யோசனை

கி.பி. 70களில் ஒரு செப்டம்பர் கடைசி. வெசுவியஸ் மலையடியில் உங்களுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (79இல் அந்த எரிமலை என்ன செய்யப்போகிறது என்பது இப்போதைக்கு வேண்டாம்.) குலைகளை மிதித்தாயிற்று. சக்கையையும் மரச் சட்டத்தில் வைத்து அழுத்திப் பிழிந்தாயிற்று. சாறு தொட்டியில் நிற்கிறது, சீக்கிரமே நுரைக்க ஆரம்பித்துவிடும். எதில் ஊற்றுவீர்கள்?

அருங்காட்சியகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரே பதில்தான் தோன்றும்: ஆம்போரா. இரண்டு காது, நீண்ட கழுத்து, தானாக நிற்க முடியாத கூரடி. கம்பிச் சட்டத்தில் தாங்கி நிறுத்தியிருப்பார்கள். ஆனால் அன்றைய தோட்டக்காரர் பிழிந்த சாற்றை நேராக ஆம்போராவில் ஊற்றமாட்டார். அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. மண்ணில் கழுத்துவரை புதைத்த பெருந்தாழி (கிரேக்கர்களுக்கு அது பித்தோஸ், ரோமானியர்களுக்குத் தோலியம்), ஆம்போரா, தோல்பை, மரப் பீப்பாய்.

'எதற்கு எது' என்று பட்டியல் போடுவதுதான் வழக்கம். ஒயினுக்கு இது, எண்ணெய்க்கு அது என்று. அது பாதிதான் சரி. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் கட்சி: சரக்கு கிளம்பிய பிறகு கலம் என்ன ஆகும்? அங்கேயே இருக்குமா, சரக்கோடு போய்விடுமா, காலியாகத் திரும்பி வருமா? ரோமானியச் சட்ட அறிஞர்களும் இப்படித்தான் யோசித்தார்கள். ஒருவர் தன் ஒயினை இன்னாருக்கு என்று உயில் எழுதிவைத்தால், ஆம்போராவில் இருக்கும் ஒயினோடு ஆம்போராவும் சேர்ந்து போகும். தோலியத்தில் இருந்தால் ஒயின் மட்டும் போகும், தோலியம் போகாது. ஆம்போராவில் ஊற்றுகிறவர் கலத்தோடு விற்கும் எண்ணத்தில் ஊற்றுகிறார், தோலியத்தில் ஊற்றுகிறவர் பின்னால் வேறொன்றுக்கு மாற்றும் எண்ணத்தில் ஊற்றுகிறார் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

தாழி: நிலத்தோடு சேர்ந்த சொத்து

முதல் கட்டத்துக்குப் போட்டியே இல்லை. சாறு நுரைத்துப் பொங்கி அடங்குவதற்கு அகன்ற வாய் வேண்டும், பெரிய வயிறு வேண்டும், சூடு ஏறாத இடம் வேண்டும். மூன்றும் புதைத்த தாழியிடம் இருக்கின்றன. வெசுவியஸ் பக்கம் போஸ்கோரியாலேயில் 1977இல் கண்டெடுத்த வில்லா ரெஜினா என்ற சிறிய பண்ணைவீட்டின் முற்றத்தில் 18 தோலியங்கள் புதைந்திருந்தன. மொத்தக் கொள்ளளவு சுமார் 10,000 லிட்டர். இது சின்னத் தோட்டம். ரோமின் துறைமுக நகரமான ஓஸ்தியாவில் கட்டடத்துக்குள் வரிசையாகப் புதைத்த தாழிகளின் விளிம்பில் கொள்ளளவையே பொறித்திருக்கிறார்கள்.

தாழியின் உண்மையான லாபம் பொறுமைதான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் விவசாயக் கையேடு எழுதிய கேட்டோ, நிறையத் தாழிகள் வைத்துக்கொள், விலை ஏறும்வரை காத்திருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். 100 யூகெரா, அதாவது சுமார் 25 ஹெக்டேர் திராட்சைத் தோட்டத்துக்கு அவர் போடும் கணக்கு நம்மை மலைக்க வைக்கும்: ஐந்து அறுவடைகளைத் தாங்கும் தாழிகள், மொத்தம் 800 கூல்லியுஸ். ஒரு கூல்லியுஸ் சுமார் 520 லிட்டர் என்றால் நான்கு லட்சம் லிட்டருக்கு மேல். அறுவடை நேரத்தில் எல்லாரும் விற்பார்கள், விலை படுத்துவிடும். கையில் காலித் தாழி இருப்பவன் மட்டும் விற்காமல் இருக்கலாம். நம்மூரில் நெல்லைக் குதிரில் கொட்டி வைத்துவிட்டு ஆடி வரை காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தாழி வாங்கிப் புதைத்தோம், முடிந்தது என்று இருக்க முடியாது. மண் கலம் கசியும். உள்ளே கீல், அதாவது தார் போன்ற பிசின், பூச வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. கி.பி. முதல் நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா சொல்லும் முறை இது. அறுவடைக்கு 40 நாள் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். தரைமேல் நிற்கும் தாழியை ஒரு விதமாகச் சூடாக்கலாம், மண்ணுக்குள் இருப்பதை அப்படிச் செய்ய முடியாது. ஆகவே இரும்பு விளக்கைக் கொளுத்தி உள்ளே இறக்குவார்கள். பழைய கீல் உருகி அடியில் வழிந்ததும் விளக்கை எடுத்துவிட்டு, நீண்ட மரக் கரண்டியாலும் சுரண்டியாலும் ஒட்டியிருப்பதைக் கிளறி வழித்து வெளியே எடுத்து, பிறகு கொதிக்கக் கொதிக்கப் புதுக் கீலை ஊற்றித் துடைப்பத்தால் உள்சுவர் முழுக்கப் பரப்ப வேண்டும். ஒரு தாழிக்கு இவ்வளவு என்றால் வரிசையில் இருக்கும் அத்தனைக்கும் எவ்வளவு என்று பாருங்கள்.

எண்ணெய்த் தாழிக்கு வேறு சடங்கு. புதுத் தாழியில் ஆலிவ் பிழிந்து மிஞ்சிய கசட்டுநீரை ஊற்றி ஏழு நாள் ஊறவிட வேண்டும், தினமும் குறைவதை நிரப்ப வேண்டும். பிறகு காயவைத்து, லேசாகச் சூடாக்கி, ஊறவைத்துக் கரைத்த பிசினைப் பூச வேண்டும். 50 ஆம்போரா கொள்ளும் தாழி ஒன்றுக்கு நான்கு ராத்தல் பிசின் போதும் என்று கேட்டோ அளவு வரை கொடுக்கிறார். புது இரும்புச் சட்டியை அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு எண்ணெய் தடவிப் பழக்கும் கை, இதைப் படித்தால் உடனே புரிந்துகொள்ளும்.

விரிசல் விட்டால்? 'குயவனுக்கு ஆறு மாதம், தடியடிக்காரனுக்கு அரை நாழிகை' என்பது இங்கே அப்படியே பொருந்தும். தாழி செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. மண்ணைத் திரித்துச் சுற்றுச் சுற்றாக அடுக்கி, கீழ்ச்சுற்று இறுகும்வரை நிறுத்தி நிறுத்தி ஏற்ற வேண்டும். குயத்தொழிலைப் பித்தோஸில் தொடங்கிக் கற்றுக்கொள்ளாதே என்று கிரேக்கத்தில் ஒரு பழமொழியே உண்டு. அதனால் உடைந்தாலும் தூக்கிப் போட மனசு வராது, ஈயம் ஊற்றித் தைப்பார்கள். மழைக்காலத்தில் வெளிவேலை இல்லாதபோது ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய வேலைகளில் ஒன்றாகக் கேட்டோ இதையும் சேர்க்கிறார்: ஈயத்தால் கட்டு, அல்லது காய்ந்த ஓக் மரத்தால் இறுக்கு. இன்று தோண்டி எடுக்கும் தாழிகளில் பலவற்றின் உடம்பில் அந்த ஈயத் தையல் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் சொத்துச் சிக்கல். கிடங்கை விற்கும்போது, புதைத்த தாழிகள் தனக்குத்தான் என்று பத்திரத்தில் பெயர் சொல்லி விலக்கி வைக்காவிட்டால், அவை கிடங்கோடு போய்விடும் என்பது ரோமானியச் சட்டம். கிணறு மாதிரி, தாழியும் இடத்தோடு சேர்ந்தது.

சரி, கிரேக்கத் தாழி பற்றி ஒரு வரி. தத்துவஞானி தியோஜெனஸ் பீப்பாய்க்குள் வாழ்ந்தார் என்று படம் போடுவார்கள். ஏதென்ஸில் அப்போது பீப்பாய் ஏது? அவர் படுத்திருந்தது பித்தோஸில். உலகத்துத் துன்பங்களெல்லாம் வெளிவந்த பண்டோராவின் பெட்டியும் பழங்கவிஞர் ஹெசியடிடம் பித்தோஸ்தான், அது பெட்டியானது 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் மொழிபெயர்த்த போது.

ஆம்போரா: போனால் போனதுதான்

ஒயின் அடங்கித் தெளிந்துவிட்டது. வாங்குகிறவர் ரோமில் இருக்கிறார், அல்லது கடல் தாண்டி மார்செய் பக்கம். இப்போதுதான் ஆம்போராவின் வேளை.

ஆம்போரா என்றால் இரு பக்கமும் பிடித்துத் தூக்குவது. ரோமில் அது கலத்தின் பெயர் மட்டுமில்லை, அளவின் பெயரும்கூட: ஒரு கன ரோமன் அடி, சுமார் 26 லிட்டர். அதன் மூல அளவைக் கேபிட்டல் குன்றில் வைத்திருந்தார்கள். கப்பலின் அளவையே எத்தனை ஆம்போரா ஏற்றும் என்றுதான் சொன்னார்கள். கி.மு. 218இல் வந்த சட்டம், செனட்டர்கள் 300 ஆம்போராவுக்கு மேல் ஏற்றும் கப்பல் வைத்திருக்கக் கூடாது என்றது. தோட்டத்து விளைச்சலைக் கொண்டுபோக அது போதும், வியாபாரம் செய்யப் போதாது என்பது கணக்கு.

கூரடியைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அதைக் கப்பலின் வயிற்றுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். கீழ் வரிசைச் சாடிகளின் தோள்களுக்கு இடையில் மேல் வரிசையின் கூரடி சரியாக இறங்கும். ஊற்றும்போது அந்தக் கூர்தான் மூன்றாவது கைப்பிடி: ஒரு கை காதில், ஒரு கை அடியில். பிரெஞ்சுக் கடற்கரையில், தூலோன் அருகே மத்ராக் தெ ஜியான் என்ற இடத்தில் மூழ்கிய கப்பலில் இதை நேராகவே பார்த்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டின் முற்பாதிக் கப்பல் அது, நீளம் சுமார் 40 மீட்டர். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஆம்போராக்கள் மூன்று அடுக்காக, இடையில் புதரும் கோரையும் திணித்து அடுக்கப்பட்டிருந்தன. வாயைத் தக்கையால் அடைத்து மேலே எரிமலை மண் கலந்த சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தார்கள்.

இங்கேதான் ஆம்போராவின் பெரிய குறை. அந்தக் கப்பலில் இருந்த ரகம் ஒன்று காலியாகவே சுமார் 25 கிலோ. உள்ளே போகும் ஒயினும் கிட்டத்தட்ட அதே 25 கிலோ. அதாவது கப்பல் சுமந்ததில் பாதி மண். கூலி கொடுத்து மண்ணை ஏற்றி, புயலுக்குப் பயந்து பயந்து கடல் கடந்து, போன இடத்தில் அதைத் தூக்கி எறிவது. இதைச் சரிசெய்ய ரோமானியர்கள் சும்மா இருக்கவில்லை. கோஸ் தீவின் சாடியைப் பார்த்து மெல்லிய சுவர் வைத்த புது ரகம் வந்தது. கோல் (Gaul) நாட்டில், அதாவது இன்றைய பிரான்சில், தட்டையான அடியும் இன்னும் குறைந்த எடையும் கொண்ட ஒன்றைச் செய்தார்கள். ஆற்றுப் படகிலும் வண்டியிலும் போகும் சரக்குக்குக் கூரடி எதற்கு?

கனமாக இருந்தும் ஆம்போரா நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. முதலாவது, அதை யாரும் திறந்து பார்க்காமல் நம்பலாம். கியோஸ் தீவு தன் நாணயத்திலேயே ஸ்பிங்ஸுக்கு முன்னால் தன் ஆம்போராவைப் பொறித்தது. வடிவத்தைப் பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று துறைமுகக் கூலிக்காரர் சொல்லிவிடுவார். ரோட்ஸ் தீவில் ஒரு காதில் செய்தவர் பெயரையும், மறு காதில் அந்த ஆண்டுப் பூசாரி பெயரையும் மாதத்தையும் முத்திரை குத்தினார்கள். தாசோஸ் தீவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே, ஆம்போராவிலிருந்தோ பித்தோஸிலிருந்தோ சில்லறையாக அளந்து விற்கக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். கலப்படத்துக்குப் பயந்துதான் என்று நினைக்கிறேன், வேறு காரணம் தோன்றவில்லை.

இரண்டாவது, பழமை. நன்றாக அடைத்த ஆம்போராவில் ஒயின் பல ஆண்டு இருக்கும். கி.மு. 121இல் ஒபிமியுஸ் கான்சலாக, அதாவது ரோமின் தலைமை ஆட்சியாளராக, இருந்த ஆண்டின் ஒயின் பெயர்பெற்றது. ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்தும் அது மிச்சம் இருந்ததாகவும், கெட்டியாகித் தேன்போல ஆகியிருந்ததாகவும் ரோமானிய அறிஞர் பிளினி எழுதுகிறார். குடிக்க எப்படி இருந்ததோ, பெருமைக்கு வாங்க ஆள் இருந்தது.

எண்ணெய்க்கு வந்தால் கணக்கு மாறும்

ரோமில் டைபர் ஆற்றங்கரையில் மோன்டே டெஸ்டாச்சியோ என்று ஒரு குன்று இருக்கிறது. உயரம் சுமார் 35 மீட்டர், சுற்றளவு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். மேலே புல், கீழே சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகள். அது குன்றே இல்லை. உடைந்த எண்ணெய்ச் சாடிகளின் குவியல். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட ஆம்போராக்கள் என்பது மதிப்பீடு. பெரும்பாலானவை ஸ்பெயினின் பெட்டிகா மாகாணத்தில் குவாதல்கிவிர் ஆற்றங்கரையிலிருந்து வந்தவை.

ஏன் இவற்றை மட்டும் இப்படிக் குவித்தார்கள்? எண்ணெய் மண்ணுக்குள் ஊறிவிடும், கழுவினாலும் போகாது. காறிப்போன எண்ணெய் வாடை ஒருமுறை ஏறிய பாத்திரம் எப்படி இருக்கும் என்று சமையலறையில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த சரக்கை அதில் ஊற்றினால் அதுவும் காறிவிடும். உடைத்துச் சுண்ணாம்பு தூவி அடுக்கினார்கள், நாற்றம் அடங்க.

அந்தச் சாடி உருண்டை வடிவம், காலியாகச் சுமார் 30 கிலோ, உள்ளே 70 கிலோ வரை எண்ணெய். ஒயின் சாடியோடு ஒப்பிட்டால் இது நல்ல பேரம்: மண் ஒரு பங்கு, சரக்கு இரண்டு பங்குக்கு மேல். அதன் உடம்பில் மையால் எழுதியிருப்பதைப் படித்தால் இன்றைய கேஸ் சிலிண்டர் ஞாபகம் வரும். காலிச் சாடியின் எடை தனியாக, உள்ளே இருக்கும் எண்ணெயின் எடை தனியாக, நடுவில் வியாபாரியின் பெயர், பக்கத்தில் சாய்வான எழுத்தில் சோதித்துப் பார்த்த ஊரும் கான்சல்களின் பெயரால் ஆண்டும். 1870களில் இந்தக் குன்றைத் தோண்டிப் படித்த ஜெர்மானியர் ஹைன்ரிக் டிரெஸ்ஸல் தந்த வகை எண்களைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இந்த எண்ணெய்ச் சாடி 'டிரெஸ்ஸல் 20'.

ஆக, எண்ணெய் வியாபாரிக்கு என் யோசனை: வீட்டில் பிசின் பூசிய தாழி, வெளியூருக்கு உருண்டைச் சாடி, திரும்ப வாங்கும் பேச்சே வேண்டாம். உப்பில் புளிக்கவைத்த மீன்சாற்றை விற்பவருக்கும் அநேகமாக அதுதான். வெசுவியஸ் அருகே பொம்பெய் (Pompeii) நகரில் மீன்சாறு விற்றே பணக்காரரான அவுலுஸ் உம்ப்ரிசியுஸ் ஸ்கௌருஸ், தன் வீட்டு முற்றத்துத் தரையில் நான்கு மூலையிலும் ஒற்றைக் காதுச் சாடிகளை மொசைக்காகப் பதித்து, தன் சரக்கு உயர்ந்தது என்று எழுதியும் வைத்தார். கலமே விளம்பரம். தானியத்துக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. பண்ணையில் தாழி, பயணத்தில் சாக்கு.

தூக்கி எறிவது என்று நான் சொல்வதை முழுக்க நம்பவும் வேண்டாம். எகிப்துக்குக் கிரேக்கத்திலிருந்தும் பினீசியாவிலிருந்தும் ஆண்டு முழுக்க ஒயின் சாடிகள் வருகின்றன, ஆனால் காலிச் சாடி ஒன்றைக்கூடக் காண முடியவில்லையே என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு புதிர் போட்டு, அவரே விடை சொல்கிறார்: ஊர்த் தலைவர்கள் எல்லாவற்றையும் சேகரித்து மெம்பிசுக்கு அனுப்ப வேண்டும், அங்கே தண்ணீர் நிரப்பிச் சிரியாவின் பாலைவனத்துக்குக் கொண்டுபோவார்கள். துருக்கியின் யாசியடாவில் மூழ்கிய 7ஆம் நூற்றாண்டுக் கப்பலிலும் பல சாடிகள் மறுபடி மறுபடி நிரப்பப்பட்டவை. ரோமில் ஒரு வட்டாரத்தின் பெயரே டோர் பிஞ்ஞாத்தாரா, பானைக் கோபுரம்: பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலனாவின் கல்லறை மாடத்தில் எடை குறைக்கக் காலி ஆம்போராக்களை வைத்துக் கட்டியிருப்பது வெளியே தெரிகிறது. ஆனாலும் இவையெல்லாம் வாங்கினவர் பாடு. விற்றவருக்குக் கலம் போனால் போனதுதான், அந்த விலையையும் ஒயின் விலையிலேயே சேர்த்துவிட வேண்டும்.

தோல்பை: இடைவழிக்கு மட்டும்

தோட்டத்திலிருந்து ஊர் மதுக்கடைக்கு அரைநாள் வண்டிப் பயணம் என்றால் ஆம்போரா வீண். பொம்பெயின் ஒரு மதுக்கடைச் சுவரில் இதை வரைந்தே வைத்திருந்தார்கள்: வண்டி நிறைய ஒரு பெரிய தோல்பை, அதன் அடிக் குழாயிலிருந்து ஆட்கள் சாடிகளில் பிடிக்கிறார்கள். இன்றைய தண்ணீர் லாரிதான். நான் மேலே சொன்ன கூல்லியுஸ் என்ற அளவின் பெயரே முதலில் தோல்பையைக் குறித்தது. எடையே இல்லை, உடையாது, காலியானால் சுருட்டிக்கொண்டு திரும்பலாம். தோல் வாடை ஏறும், ஆகவே நாள்கணக்கில் வைக்கக்கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

பீப்பாய்: வடக்கிலிருந்து வந்த போட்டி

ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஒயினை மரக் கலங்களில் வைத்து வளையம் போட்டு இறுக்குகிறார்கள் என்று பிளினி சொல்கிறார். அவருக்கு அது ஒரு விநோதச் செய்தி. வட இத்தாலியில் வீட்டைவிடப் பெரிய மரத் தாழிகள் இருப்பதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். கொஞ்சம் ஏற்றித்தான் சொல்கிறார் போல. வட இத்தாலிய நகரமான அக்விலேயாவின் சந்தையில், கிழக்கே பால்கன் பக்கத்து இல்லிரியர்கள் ஒயினை மரக் கலத்தில் ஏற்றி வண்டியில் கொண்டுபோனதையும் அவரே பதிவு செய்கிறார். 

எடைக் கணக்கில் ஆம்போராவால் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே வர முடியாது. மண் சாடியில் சரக்குக்குச் சமமாகக் கலத்தின் எடை, பீப்பாயில் அது ஒரு சிறு பங்கு. நூற்றுக்கணக்கான லிட்டரை ஒருவர் இருவர் உருட்டிக்கொண்டு போகலாம், கிரேன் வேண்டாம். கீழே விழுந்தால் அநேகமாக உடையாது. பலகை தளர்ந்தால் தட்டி இறுக்கலாம். முக்கியமாக, ஆற்றில் போன படகு அதே ஆற்றில் திரும்பி வரும், பீப்பாயும் கூடவே வரும். கலம் திரும்புகிற இடத்தில் கலத்துக்குச் செலவு செய்வது லாபம். மோசெல் ஆற்றங்கரையில் நொய்மாகனில் 1878இல் கிடைத்த கல்லறைச் சிற்பத்தில், துடுப்புப் படகு ஒன்றின் மேல் பெரிய பீப்பாய்கள் வரிசையாக இருக்கின்றன. கி.பி. 113இல் எழுப்பிய டிராஜன் தூணிலும் டானூப் படகுகளில் பீப்பாய் ஏறுகிறது.

ஓட்டைப் பீப்பாயும் வீணாகாது. இங்கிலாந்தின் சில்செஸ்டரில் வெள்ளித் தேவதாருவில் செய்த ஆளுயரப் பீப்பாய்களை அடியை எடுத்துவிட்டுக் கிணற்றுக்கு உறையாக இறக்கியிருந்தார்கள். உறைகிணறு என்றால் சுட்ட மண் வளையம் என்று நினைக்கும் நமக்கு மர உறை கொஞ்சம் புதிது. 238இல் பேரரசர் மாக்ஸிமினுஸ் அக்விலேயாவை முற்றுகையிட வந்தபோது ஆற்றுப் பாலம் உடைந்து கிடந்தது. ஊர்ப்புறத்தில் ஆளில்லாத பண்ணைகளில் கிடந்த காலி ஒயின் பீப்பாய்களைக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று கட்டி, மேலே மிலாறு போட்டு மண் கொட்டிப் படையை அக்கரை சேர்த்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடியன் எழுதுகிறார். ஆம்போராவைக் கட்டி இப்படிப் பாலம் போடுவதை நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

அப்புறம் ஏன் வெசுவியஸ்காரர் உடனே பீப்பாய்க்கு மாறவில்லை? மரம் மூச்சு விடும். வருடக்கணக்கில் அடைத்து வைக்கும் ஒயினுக்கு அது ஒத்துவராது. நல்ல பலகையும் தேர்ந்த தச்சரும் வடக்கில்தான் மலிவு, தெற்கில் மண்ணும் சூளையும் மலிவு. கலம் சரக்கை மட்டும் பொறுத்ததில்லை, பக்கத்தில் என்ன கிடைக்கிறது என்பதையும் பொறுத்தது. இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். உடைந்த மண் ஓடு இரண்டாயிரம் ஆண்டு கிடக்கும், மரம் ஈரச் சேற்றில் அல்லாமல் மிஞ்சாது. ரோமானிய வணிகம் என்றால் ஆம்போரா என்று நாம் நினைப்பதில் பாதி, எது அழியாமல் கிடைத்தது என்பதால் வந்த நினைப்பு. பிற்காலத்தில் மேற்கில் ஆம்போரா ஓடுகள் குறைவதைப் பார்த்து வியாபாரமே படுத்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் பீப்பாயை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் சேர்க்கப் பார்த்த கதை

ஆம்போராவின் எடையும் வேண்டாம், பீப்பாயும் கையில் இல்லை என்றால்? தாழியையே கப்பலில் ஏற்றிவிடலாமே என்று யாரோ யோசித்தார்கள். ஏற்றவும் செய்தார்கள். கப்பலின் நடுவில் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் தாழிகளை நிரந்தரமாகப் பதித்து, மிச்ச இடத்தில் ஆம்போரா அடுக்கினார்கள். இத்தாலியின் தியானோ மரினா அருகிலும் பிரெஞ்சுக் கரையில் கிரான் ரிபோவிலும் இப்படிப்பட்ட கப்பல்கள் கிடைத்திருக்கின்றன. தாழிகளில் பல, மின்டுர்னே ஊர்ப் பிரானுஸ் குடும்பத்தின் முத்திரை போட்டவை. மிதக்கும் டேங்கர்!

கொள்ளளவுக் கணக்குப்படி பிரமாதம். ஆனால் தாழியின் குணம் கடலுக்கு ஒத்துவராது. தரையில் மண் தாங்கும், கப்பலில் யார் தாங்குவது? ஒன்று விரிந்தால் இரண்டாயிரம் லிட்டர் போயிற்று, கப்பலைப் பிரிக்காமல் புதுத் தாழி இறக்கவும் முடியாது. திரும்பும்போது வேறு சரக்கு ஏற்றவும் இடமில்லை. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய இந்த ஏற்பாடு கி.பி. முதல் நூற்றாண்டோடு ஓய்ந்துவிட்டது. உங்களிடம் யாராவது இந்த யோசனையோடு வந்தால் காசு போடாதீர்கள்.

இந்தியாவுக்கு அனுப்புவதாக இருந்தால்

இது கடைசிச் சோதனை. சரக்கு அலெக்சாண்டிரியாவில் இறங்கி, நைல் வழியாகக் காப்டோஸ் போய், அங்கிருந்து ஒட்டக வழியில் செங்கடல் துறைமுகமான பெரனிகே வரை 12 நாள் என்று பிளினி கணக்கிடுகிறார். பிறகு செங்கடல், பருவக்காற்று, கடைசியில் முசிறி அல்லது கிழக்குக் கரை. வெயிலும் குலுக்கலும் மாதக்கணக்கில். கலம் திரும்பி வராது என்பது உறுதி. தோல்பை நாறிவிடும், தாழி நகராது. மெல்லிய சுவர் ஆம்போராவைத் தவிர வேறு வழியில்லை.

எந்த ஒயின் என்பதும் முக்கியம். கோஸ் தீவு முறையில் கடல்நீர் சேர்த்த ஒயின் நீண்ட பயணத்தைத் தாங்கும். கேட்டோவே இத்தாலியத் திராட்சையில் கோஸ் ஒயின் செய்யும் பக்குவம் எழுதிவைத்திருக்கிறார். புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ஆம்போரா ஓடுகள் கிடைத்தன. அந்த ஓடுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், ஒயின் சாடிகளில் கோஸ் ரகம் தூக்கலாக இருப்பதைக் கண்டார். கூடவே கொஞ்சம் எண்ணெய்ச் சாடியும் மீன்சாற்றுச் சாடியும் இருந்தன. கேரளத்தின் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ஆயிரக்கணக்கில் ஓடுகள் வந்தன. யவனர் நன்கலத்தில் கொண்டுவந்த தண்கமழ் தேறல் என்று புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் சொல்வது இந்தச் சரக்கைத்தான். அவர் கலத்தையும் சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள், நல்ல கலம் என்று.

சரி, உங்கள் தொட்டியில் சாறு நுரைக்க ஆரம்பித்துவிட்டது. தாழியில் ஊற்றுங்கள். கீல் பூசி நாளாகிவிட்டதா என்று இப்போது பார்த்துப் பயனில்லை, அதை ஆகஸ்டிலேயே செய்திருக்க வேண்டும். வசந்தத்தில் ருசி பார்த்து, சுமாரானதை வண்டித் தோல்பையில் பொம்பெய்க் கடைகளுக்குத் தள்ளிவிடுங்கள். நல்லதை மெல்லிய ஆம்போராவில் அடைத்துத் துறைமுகத்துக்கு அனுப்புங்கள், சாடி திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். பீப்பாய் வேண்டுமென்றால் மகனை வடக்கே அனுப்பிக் கற்றுவரச் சொல்லுங்கள், அவன் காலத்துக்கு உதவும். மிகச் சிறந்த தாழி ஒன்றை மட்டும் திறக்காமல் வைத்திருங்கள், விலை ஏறட்டும்.

வில்லா ரெஜினாக்காரரும் அநேகமாக இதையேதான் செய்திருப்பார். சாம்பலை அகற்றிப் பார்த்தபோது 18 தாழிகளும் போட்ட இடத்திலேயே இருந்தன. இன்றும் போஸ்கோரியாலேயில் அந்த முற்றத்தில் கழுத்தளவு மண்ணில் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன.